வரலிங்க சார்

எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் இன்றைக்கும் ஒருத்தியைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்ட வேண்டுமென்றால் பெண்கள் அவளைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். "அப்பன் செத்த வூட்டுக்கு வந்து ஒரு சொட்டு கண்ணீர் வுடாதவ" என்பார்கள். அதுவும் என் கடை வாசலில் நின்று, என் கடைப் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. நான் பொட்டலம் மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்லக் கூடாது என்று அவளுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருந்தேன். யாருக்காக அந்த வார்த்தையோ அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. இனிமேல் சொன்னால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. எனக்கும் நெஞ்சுப் பாரம் குறையும்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் அவள் வேலை செய்யும் நாடுவரை தேடிக்கொண்டு போய்ச் சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு. பள்ளிக்கூடத்தில் நாங்கள் வைத்த பெயரே போதும். 'வரலிங்க சார்.'

அந்தப் பெயர் வந்த கதை இது. தொண்ணூறாம் வருஷம், பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. அவளும் நானும் ஒரே பஸ்ஸில் டவுனுக்குப் போய் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தேர்வில் ஆளுக்கு ஓர் உப்பைக் கொடுத்து அது என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அன்றைக்கு எங்கள் வரிசைக்கு வந்த உப்புக்குக் கடைசியில் பழுப்பு வளையச் சோதனை செய்ய வேண்டும். சோதனைக் குழாயின் ஓரமாக அமிலத்தை மெள்ள இறக்கினால் நடுவில் மோதிரம் போல ஒரு பழுப்பு வளையம் தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. என் பக்கத்தில் இருந்தவளுக்கும் தோன்றவில்லை. கரைசல் எந்தக் காலத்தில் கலக்கி வைத்ததோ. நாங்கள் எல்லாரும் 'பழுப்பு வளையம் தோன்றுகிறது' என்று அழகாக எழுதிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டோம். இவள் மட்டும் 'தோன்றவில்லை' என்று எழுதினாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர். அவள் தாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லாருக்கும் வந்திருக்கு, உனக்கு மட்டும் ஏம்மா வரல?"

"வரலிங்க சார்."

"வந்த மாதிரி எழுதிட்டுப் போம்மா. இன்னாத்துக்கு மார்க்க வுடற?"

"ரெண்டு வாட்டி செஞ்சு பாத்துட்டேன். வரலிங்க சார்."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். மார்க் போயிற்று. அந்த மார்க் இருந்திருந்தால் அவள் பெரிய காலேஜ் எதற்காவது மனு போட்டிருக்கலாம். அவள் அம்மா அன்றைக்குச் சாமி வந்தவர் போல ஆடினார். "நாலு எழுத்து சேத்து எழுதனா கை தேஞ்சா பூடும்? ஊருக்கெல்லாம் வந்தது இவளுக்கு மட்டும் வரலியாம்!" அவள் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "அதான் வரலன்றாளே, வுடு."

அவர் ஜாஸ்தி பேசுகிறவர் இல்லை. மகள் விஷயத்தில் அவர் பேசியதெல்லாம் இந்த 'வுடு' என்ற ஒரு வார்த்தைதான்.

மலைக்குப் பின்பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் கொல்லி நிலம், அதில் மல்லாட்டை. பட்டணத்தில் வேர்க்கடலை என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வரும் கூட்டத்துக்குப் பாதையோரம் அடுப்புப் போட்டு அவித்து விற்பார்கள். தெரியாத்தனமாக அவளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு அம்மா ஒருமுறை வீட்டுக்குப் போனார். திரும்பி வருவதற்குள் ஒரு வெள்ளைக்காரம்மாவைத் துரத்தியிருந்தாள். "இன்னிக்கு அவிச்சதா?" என்று சைகையில் கேட்டாராம். இவள் தலையாட்டி, "யெஸ்டர்டே, யெஸ்டர்டே" என்றாளாம். அதற்குப் பிறகு வியாபாரத்தில் அவளுக்கு இடமில்லை. தோல் குப்பையைப் பெருக்கும் வேலைதான்.

பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதே கூத்து. செங்கம் பக்கத்திலிருந்து நல்ல இடம். "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். 'தெரியும்' என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டிய இடம் அது. இவள் யோசித்து, "களி நல்லா வரும். கொழம்புல உப்பு ஒரு நாள் கம்மி, ஒரு நாள் ஜாஸ்தி" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, "எங்க வூட்டுக்கு வரப் பிடிச்சிருக்கா?" என்றார். "படிக்கத்தாங்க பிடிச்சிருக்கு." பஜ்ஜி ஆறிப்போனது. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது, தலையில் அடித்துக்கொண்டார் போலிருக்கிறது.

படிப்பு அவளுக்குச் சும்மா வரவில்லை. பிளஸ் டூ முடித்த வருஷம் மழை பொய்த்து, கிணறு வற்றி, அவள் ஒரு வருஷம் முழுக்கக் களை வெட்டப் போனாள். மறு வருஷம்தான் டவுன் காலேஜில் வேதியியல் சேர்ந்தாள். காலேஜுக்குப் போகும் முன்னால் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை கூட்டித் துடைக்கும் வேலை. வெள்ளைக்காரர்கள் தங்கும் இடமாயிற்றே, இங்கிலீஷ் பேசிப் பழகிக்கொள்ளலாம் என்று ஆசை. ஒரு வாரம் கழித்துச் சோர்ந்து போய் வந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"பேச்சுப் பழகலாம்னு போனா, அங்க இருக்கிறவங்க பாதிப் பேர் மௌன விரதத்துல இருக்காங்கடி."

நான் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவளும் சிரித்தாள். ஆனால் வேலையை விடவில்லை. அறையில் விட்டுப் போகும் பழைய பத்திரிகைகளை எடுத்துவந்து, டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். அவளுடைய இங்கிலீஷில் பேச்சைவிட எழுத்து நன்றாக இருந்ததற்கு அந்த மௌனச் சாமிகள்தான் காரணம்.

எனக்குக் கல்யாணமாகி, எங்கள் தெருவிலேயே மளிகைக் கடை வைத்த வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் சென்னையில் ஹாஸ்டலில் இருந்து மேல்படிப்பு முடித்தாள். தண்ணீரில் கலந்திருக்கும் உலோகங்களைக் கண்டுபிடிக்கும் முறை பற்றி அவளுக்கு ஆய்வு. மற்றவர்கள் ஆய்வில் எல்லாம் பொருந்தி வந்தது. இவளுடையதில் ஒரு பத்தி முழுக்க 'வரவில்லை' என்றிருந்தது. ஜெர்மனியிலிருந்து ஆள் எடுக்க வந்தவர்கள் அந்தப் பத்தியைக் காட்டி ஏன் என்று கேட்டார்களாம். ஒரு மணி நேரம் ஏன் வரவில்லை என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஊரில் மார்க்கைத் தின்ற அதே குணம் அங்கே சீட்டு வாங்கிக் கொடுத்தது. அவள் அம்மாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "வரலன்னு சொன்னதுக்கா பிளேன் டிக்கெட்டு?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அம்மாவுக்கு அவளை அனுப்ப மனமே இல்லை. சாப்பிடாமல் கிடந்தார். அப்பா வழக்கம்போல "வுடு" என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

கிளம்பிய அன்று டவுன் பஸ் ஸ்டாண்டு வரை அவள் அப்பாவும் நானும் போனோம். சென்னைவரை அவள் அண்ணன் கூடப் போனான். பஸ் நகரும் நேரத்தில் அப்பா இடுப்புத் துண்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஜன்னலில் நீட்டினார். மணலில் வறுத்த மல்லாட்டை, இன்னும் சூடாக இருந்தது.

"ஏர்போர்ட்டுல வுடுவாங்களோ என்னவோ, தெரியலப்பா. பெட்டியெல்லாம் பூட்டியாச்சு. கைல வேற இடமில்ல. நீயே எடுத்துனு போ."

வேறு யாராவது இருந்தால் வாங்கிக்கொண்டு பஸ்ஸிலாவது தின்றிருப்பார்கள். இவள் அப்படி. அவர் முகம் சுளிக்கவில்லை. "அதுவும் சரிதான்" என்று பொட்டலத்தை மறுபடி துண்டில் முடிந்துகொண்டார். திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பாதி கொடுத்தார். அடி அண்ணாமலை வரும்வரை இரண்டு பேரும் தின்றுகொண்டே வந்தோம்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடைக்குப் போன் வரும். அவர்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. நான் கொல்லைப் பக்கமாகக் குரல் கொடுத்தால் அப்பாவும் அம்மாவும் ஓடிவருவார்கள். அப்பா ரிசீவரைத் தூரமாகவே பிடித்துக்கொண்டு, "ஆங்... ஆங்... சாப்ட்டியா? இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். அவ்வளவுதான். அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுவார். தேரடிக் கடையில் வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்து ரிசீவரில் மோதும். கை ஆட்டாமல் அவருக்குப் பேச வராது. மூன்றாம் வீட்டு மாடு கன்று போட்டதைக்கூடக் கையை ஆட்டித்தான் சொல்வார். "அத்த, நீங்க சொல்றது அங்க கேக்காது, வளையல் சத்தம்தான் கேக்கும்" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் அந்தப் பக்கம் சிரிப்பாள்.

அவளுக்கு லீவு இருந்தது, வந்து போகக் காசு இல்லை. வருஷங்கள் அப்படியே ஓடின. டாக்டர் பட்டத்துக்கான கடைசித் தேர்வு நெருங்கியது. பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து நேரில் கேள்வி கேட்பார்களாம். "அது முடிஞ்சதும் வரேன்ப்பா" என்று ஐப்பசியில் சொன்னாள். "ஆங்... ஆங்..." என்றார் அப்பா.

அந்த மாதமே, மழை விட்ட ஒரு காலையில், மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றி டவுனுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

பிணத்தை வீட்டில் கிடத்தியிருக்கும்போதே அண்ணன் எங்கள் கடைப் போனைத் தேடி வந்தான். நம்பரை எடுத்துக் கொடுக்கப் போனேன். பின்னாலேயே அம்மா வந்தார். தலை விரிந்து கிடந்தது.

"போனை வை" என்றார்.

"தங்கச்சிக்குச் சொல்ல வேணாமாம்மா?"

"சொன்னா வுட்டுட்டு ஓடியாந்துடுவா. வந்தா திரும்பப் போமாட்டா. அவுரு வுடு வுடுன்னு சொல்லிச் சொல்லி அனுப்புனாரு. பரிச்ச முடியட்டும். அதுவரிக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

அனுப்ப மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்த அதே அம்மாதான் இதைச் சொன்னார். எங்கள் பக்கம் தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சாவுச் செய்தியை மறைப்பது புதிதல்ல, பட்டாளத்தில் இருந்தவர்களுக்குக்கூட அப்படித்தான் செய்வார்கள். கொள்ளி வைக்க மகன் பக்கத்தில் இருக்கிறான், மகள் வந்து என்ன ஆகப்போகிறது என்று பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

கருமாதி வரைக்கும் அண்ணன் பேசினான். "அப்பாவும் அம்மாவும் வேலூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க." கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கொல்லை வழியாகக் கூட்டி வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று சொல்லிக் கொடுத்திருந்தோம். துக்கம் கேட்க வந்த பெண்கள் குரல் கேட்டுவிடக் கூடாதென்று கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தோம்.

"அப்பா எங்கம்மா?"

"கொல்லிக்குப் போயிருக்காரும்மா. ஆளுங்க வந்திருக்காங்க."

"சாப்ட்டாரா?"

"ம். சாப்ட்டாரு. களி."

அடுத்த வாரம் அப்பாவுக்குப் பல் வலி. அதற்கடுத்த வாரம் மாடு வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். வாரா வாரம் அவள் விடாமல் கேட்டாள், அப்பா சாப்பிட்டாரா, அப்பாவுக்குப் பல் வலி தேவலையா, வாங்கின மாடு எந்த நிறம். அம்மா பதில் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்ததும் என் மடியில் விழுந்து புடவையைக் கடித்துக்கொண்டு அழுவார். சத்தம் வெளியே போகக் கூடாதே.

தேர்வு முடிந்தது, பட்டம் கிடைத்தது. அன்றைக்கே அண்ணன் சொன்னான். அவன்தான் தேம்பினான். அவள், "சரிண்ணா. வரேன்" என்றாளாம்.

வந்தாள். தாமதமாக வரும் மகளை வாசலிலேயே கட்டிக்கொண்டு தெருப் பெண்கள் எல்லாரும் கூடி அழுவது எங்கள் வழக்கம். கட்டிக்கொண்டார்கள். "கடைசி மொகம் பாக்கலியே கண்ணு" என்று குரலெடுத்தார்கள். அவள் நடுவில் நின்றாள். கண் வறண்டிருந்தது. ஒவ்வொருவர் முதுகையும் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சுதான் இன்றுவரை ஓடுகிறது.

சாயங்காலம் அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேர்வுத் தாளில் ஒரு பொய் எழுத மாட்டேன் என்றவளிடம் இத்தனை வாரம் பொய் சொல்லியிருக்கிறார், அந்தப் பயம்.

"ஒனக்குத் தெரியாதுல்ல? நாங்க பேசுனதுல எதுனா சந்தேகம் வந்துச்சா?"

அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா. நீ நல்லா மறைச்சிட்ட. தெரிஞ்சிருந்தா நான் பரிச்சைக்கே போயிருக்க மாட்டேன்."

அம்மாவுக்கு அப்படியொரு மூச்சு வந்தது. பக்கத்தில் இருந்த நானும் நம்பினேன். அவள் சொன்னால் அப்படித்தான் இருக்கும், அவளுக்குத்தான் பொய் சொல்ல வராதே.

அவள் திரும்பிப் போவதற்கு முன் ஒரு காலையில் இரண்டு பேரும் கிரிவலப் பாதையில் நடந்தோம். பௌர்ணமி இல்லாத நாளில் அந்தப் பாதை எங்களுக்கு மட்டும்தான். ஊர்ப் பேச்சு கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்.

"அழுதா இன்னாடி கொறஞ்சா பூடுவ? ஒங்கம்மாவே எங்கிட்ட கேக்கறாங்க, எம்பொண்ணுக்கு ஒரு பொட்டு தண்ணி வரலியேன்னு."

அவள் நின்றாள். மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் அங்கியே அழுது முடிச்சிட்டேன்டி. அந்த ஞாயித்துக்கெழம அம்மா போன் எடுத்தாங்க இல்ல, வளையல் சத்தம் வரல."

இரண்டடி முன்னால் போயிருந்த நான் திரும்பி அவளிடம் வந்தேன்.

"ஒரு வாட்டி வரலன்னா கழட்டி வச்சிருப்பாங்கன்னு நெனைக்கலாம். அடுத்த வாரமும் பாத்தேன். அம்மா கைய ஆட்டற கதையா கேட்டேன். மாட்டப் பத்தி, ஆளுங்களப் பத்தி. வரல."

"தெரிஞ்சுமாடி வாரா வாரம் அப்பா சாப்ட்டாரான்னு கேட்ட?"

"அம்மா பதில ரெடி பண்ணி வச்சிட்டு ஒக்காந்திருப்பாங்க. நான் கேக்கலன்னா பயந்துடுவாங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ரிசீவரைப் பிடித்திருந்த வெறுங்கைகளுக்குப் பக்கத்திலேயே நின்றவள் நான். எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்பவே கெளம்பி வந்திருந்தா அம்மா சொன்ன பொய்யெல்லாம் வீணாப் பூடும். அதான் பரிச்சைய முடிச்சேன். வந்தப்புறம் அழலாம்னா, புதுசாக் கேட்ட மாதிரி அழணும். அது எனக்கு வரலடி. நீ அம்மாகிட்ட சொல்லிடாத. அவங்க உசுரு இருக்கிற வரைக்கும்."

சொல்லவில்லை. மகளிடமிருந்து தன் துக்கத்தை மறைத்து அவளைப் படிக்க வைத்தோம் என்பதுதான் அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் பெருமை. மகள் அழவில்லையே என்பது கடைசி வரைக்கும் குறை. பெருமையை விட்டுவைக்க வேண்டுமென்றால் குறையையும் விட்டுவைக்கத்தான் வேண்டும். கடைக்கு வந்து இரண்டையும் சொல்வார். நான் வெற்றிலையை மடித்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சில வருஷங்கள் கழித்து அம்மாவும் போனார். இந்த முறை அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை, உடனே போன் செய்தான். உடலை ஐஸ் பெட்டியில் வைத்து அவளுக்காகக் காத்திருந்தோம். கார் வந்து நின்றது. தெருப் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கி, இவள் எங்கே அழப்போகிறாள் என்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெட்டி மேல் விழுந்தாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"யப்பா... யப்பா... சூடா நீட்டுனியே யப்பா... கைல வாங்காத பூட்டனே யப்பா..."

"பாவம், அம்மாவப் பாத்து அப்பான்னு அழுவுது. பிளேன்ல வந்த அசதி, புத்தி தடுமாறிடுச்சு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவள் தோளைத் தொட்டு, "அம்மாடி, அம்மாவச் சொல்லி அழு" என்று திருத்தப் பார்த்தாள்.

நான் அந்தக் கையை எடுத்துவிட்டேன். "வுடு" என்றேன்.